வந்தவருக்கு வாங்கிவந்த கலர்

எங்கள் தெருவுக்கு முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்தால் வீட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். கடைக்குப் போய் ஒரு கலர் வாங்கி வருவார்கள். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். வந்தவர் கண் முன்னாலேயே மூடியைத் திருகித் திறந்து அவர் கையில் கொடுப்பார்கள். அவர் எந்த ஊர், எந்த ஆளுங்க என்று நாமும் கேட்க வேண்டாம், இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்று அவரும் யோசிக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குடிக்கிறவங்க குடிக்கட்டும், குடிக்காதவங்க தாகத்தோட போகட்டும். அவங்க மானத்தக் காப்பாத்த நாம ஏன்ப்பா காசு செலவழிக்கணும்?" என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "வந்தவங்கள நெளிய வெச்சு வேடிக்கை பாக்குறது நமக்கு அழகா ஆயி?" என்பார் அவர். மகளை ஆயி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம்.

அந்தக் கலர் பாட்டிலால்தான் அப்பாவின் கேஸ் கெட்டது. இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்களே நம்புவதில்லை. நான் ஏதோ கோபத்தில் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்கிறார்கள். கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரிதுபடுத்தவில்லை.

செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில்தான் பிழைப்பு. வயல்காரர் வரப்பில் வந்தால் குனிந்த வேலையை விட்டு எழுந்து நிற்க வேண்டும், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். இது பிடிக்காமல்தான் அப்பா சிறு வயதிலேயே அரியலூருக்குச் சித்தாளாகப் போனார். கல் சுமந்து, கலவை போட்டு, கரணை பிடித்துக் கொத்தனார் ஆனார். கீழப்பழுவூர், விக்கிரமங்கலம் பக்கமெல்லாம் அவர் கட்டிய வீடுகள் இருக்கின்றன. அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் படித்துப் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். துண்டை இறக்குகிற பழக்கத்தை அப்பா வயலோடு விட்டுவிட்டு வந்தார். ஆனால் யாராவது வந்தால் எழுந்து நிற்பதை மட்டும் விடவில்லை. அது பயம் இல்லை, மரியாதை என்பார்.

எங்கள் பக்கத்துச் சாலைகளை எங்களுக்காகப் போட்டதாக நான் நினைத்ததே இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்காகப் போட்டது, நாங்கள் ஓரமாகப் போய்க்கொள்ள அனுமதி. விடிந்ததிலிருந்து வரிசையாக வரும், வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு, பின்னால் துரத்துகிறவர்கள் இருப்பது போல. அப்பா அன்றைக்கு விக்கிரமங்கலத்தில் ஒரு தம்பிக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலைக்குக் கிளம்பினார். அஸ்திவாரம் முடிந்து, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. காலையில், ஒரு வளைவில், முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக ஏறி வந்த லாரி, எதிரில் ஓரமாக வந்த அப்பாவின் மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியது. ஹெல்மெட் போட்டிருந்தார். லைசென்ஸ் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப் பேர் இறங்கி ஓடி வந்து தூக்கினார்கள். அத்தனை பேர் பார்க்க நடந்த விபத்து.

வலது கால். தொடை எலும்பும் முட்டியும் போயின. அரியலூரில் முதலுதவி, பிறகு தஞ்சாவூரில் ஆபரேஷன், உள்ளே கம்பி, தகடு. உயிர் பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். பிழைத்தது பெரிசுதான். ஆனால் முட்டி அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை. குத்துக்கால் வைக்க முடியாத கொத்தனார் என்ன வேலை செய்வார்? தரை போடுவதற்கு உட்கார வேண்டும், பூச்சுக்குச் சாரத்தில் ஏற வேண்டும், கல் அடுக்கக் குனிந்து குனிந்து நிமிர வேண்டும். அப்பாவுக்கு ஊன்றுகோல் இல்லாமல் வாசலுக்குப் போய் வருவதே பாடு. அந்த ஊன்றுகோலும் அவருக்கு அவமானம். யாராவது வீட்டுப் பக்கம் வருவது தெரிந்தால் அதைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்.

இழப்பீடு என்றால் என்ன என்று எனக்கு அப்போது எதுவும் தெரியாது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், அடிபட்டவருக்கு அந்தக் கம்பெனி பணம் கொடுக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அரியலூரில் ஒரு வக்கீல் கிடைத்தார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வலிக்கு என்று ஒரு தலைப்பு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தலைப்பு, சத்தான சாப்பாட்டுக்கு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, போக்குவரத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டுமாம். எல்லாவற்றிலும் பெரியது வருமான இழப்பு. அங்கேதான் சண்டையே.

அரசு மருத்துவக் குழு அப்பாவைப் பார்த்து, ஐம்பது சதவீதத்துக்கும் குறைவான ஊனம் என்று சான்று கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சதவீதம் என்று சொன்னால் எதில் சதவீதம் என்று முதலில் சொல்ல வேண்டும் என்பதை நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். "இது உடம்புல எவ்வளவு போச்சுங்கிற கணக்கும்மா," என்றார் வக்கீல். "அந்த உடம்ப வெச்சுச் செஞ்ச வேலையில எவ்வளவு போச்சுங்கிறது வேற கணக்கு. கால் பாதி போனா, உக்காந்து எழுதுறவருக்குப் பாதி வேலைகூடப் போகாது. ஒங்க அப்பாவுக்கு முழுசும் போச்சு. இனிமே கொத்தனார் வேலை பாக்கவே முடியாதுங்கிறத கோர்ட் ஏத்துக்கிட்டா ஒரு மாதிரி, ஏத்துக்கலைன்னா வேற மாதிரி." ஆக, மொத்தக் கேஸும் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. அப்பாவால் இனி வேலை செய்ய முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வார்களா, மாட்டார்களா?

கம்பெனி தரப்பில் ஒரு பதில் மனு போட்டார்கள். வக்கீல் அதைப் படித்துக் காட்டியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்படியொரு விபத்தே நடக்கவில்லை. நடந்திருந்தாலும் அதற்குக் காரணம் மனுதாரர் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டியதுதான். மனுதாரர் கொத்தனாரே இல்லை. கொத்தனாராக இருந்தாலும் அவருக்கு அடி படவில்லை. பட்டிருந்தாலும் குணமாகிவிட்டது. "இதெல்லாம் வழக்கமா போடுறதும்மா, எல்லாக் கேஸுக்கும் இதேதான். மனசுல எடுத்துக்காதீங்க," என்றார் வக்கீல். எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? ஒரு மனிதனின் காலை முறித்துவிட்டு, உனக்குக் காலே முறியவில்லை என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பது வழக்கமாம்! தெருவில் ஒருத்தன் இப்படிப் பேசினால் அவனோடு அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவோமா?

கேஸ் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"ஆயி, கம்பெனிலேருந்தே ஆள் வந்துட்டுப் போனாங்க. தங்கமான மனுஷன். ஒங்க கேஸ சீக்கிரம் முடிச்சிரலாம்ங்க ஐயா, அதுக்குத்தான் பாத்துட்டுப் போக வந்தேன்னாரு."

கம்பெனிக்காரர்கள் இப்படி ஆள் அனுப்பி வேவு பார்ப்பார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஆபீஸிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார் என்பதே அப்பாவுக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு நடந்ததை எல்லாம் பிறகு அம்மாவும், தெருமுனைக் கடைக்கார அம்மாவும் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பா தனியாக இருந்தார். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றதும் ஊன்றுகோல் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. எழுந்து நின்று "வாங்க சார், வாங்க" என்று கும்பிட்டிருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்து, தானே தூக்கி வந்து வாசல் நிழலில் போட்டு அவரை உட்கார வைத்திருக்கிறார். வெயிலில் வந்த மனிதர். தண்ணீர் கொடுக்க வேண்டும். உள்ளே பானையில் தண்ணீர் இருந்தது, எட்டி எடுத்தால் முடிந்தது. ஆனால் வந்தவர் யாரோ, என்னவோ. "செத்த இருங்க சார், இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். ஊன்றுகோல் இல்லாமல்.

கடை ஒன்றும் தூரமில்லை. கடைக்கார அம்மாவுக்கு இவர் வருகிற கோலத்தைப் பார்த்ததுமே பதறிவிட்டது. "கலர எடுத்துக் குடுத்துட்டு, நான் கொண்டாந்து தரேன் அண்ணே, நீ உக்காருன்னேன். கேக்கல. வூட்டு ஆம்பள இருக்கும்போது வேத்தாள் கையால குடுத்தா வந்தவருக்கு என்ன மரியாதைன்னுட்டாரு. அரிசி மூட்ட மேல உக்காந்து மூச்சு வாங்குனாரு. வேர்வை ஊத்துது. அப்புறம் முகத்தைத் தொடச்சு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, சிரிச்ச முகமா போறாரு" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். தெருவில் இறங்கியதிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் நிமிர்ந்து நடந்து வந்திருக்கிறார். வந்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று.

மூடியைத் திறந்து கொடுத்தார். வந்தவர் முழுசாகக் குடித்துவிட்டு, காலி பாட்டிலை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டு, நாலு வார்த்தை இனிக்கப் பேசிவிட்டுப் போய்விட்டார். அதுவரைக்கும் அப்பா நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார். நாற்காலிதான் ஒன்றே ஒன்றாயிற்றே. அம்மா வேலை முடிந்து வந்தபோது கட்டிலில் குப்புறக் கிடந்தாராம், முட்டி வீங்கி. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் வெளியே வரவில்லை. இதையெல்லாம் போனில் அவர் என்னிடம் சொல்லவில்லை. தங்கமான மனுஷன் என்று மட்டும்தான் சொன்னார்.

சில மாதம் கழித்து, அரியலூர் கோர்ட்டில் நடந்த மக்கள் நீதிமன்றத்தில் அப்பாவின் கேஸை எடுத்தார்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும், ஆனால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஒத்துவரவில்லை என்றால் கேஸ் பழையபடி கோர்ட்டுக்கே திரும்பிவிடும். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பெரிய கூடம், மேசை மேசையாக ஆட்கள். கை இல்லாதவர், கண் போனவர், புருஷனைப் பறிகொடுத்தவர் என்று ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் துவைத்துத் தேய்த்த துணி போட்டிருந்தார்கள். அப்பாவும் வெள்ளைச் சட்டைதான். கம்பெனி ஆட்களுக்குப் பின்னால் நின்ற ஒருவரைப் பார்த்ததும் அப்பா முகம் மலர்ந்தது. "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆள் வேறு பக்கம் பார்த்தார். "இவருதான் ஆயி அன்னைக்கு வந்தது. மறந்துட்டாரு போல" என்றார் அப்பா என்னிடம்.

மறக்கவில்லை. கம்பெனி வக்கீல் எங்கள் முறை வந்ததும் ஒரு செல்போனை எடுத்து நீதிபதி முன்னால் வைத்தார். அப்பாவும் நானும் எட்டிப் பார்த்தோம். எங்கள் தெரு. கடைப் பக்கமிருந்து அப்பா வருகிறார். கையில் கலர் பாட்டில், தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பு, நிமிர்ந்த நடை. வலது கால் லேசாக வீசி விழுகிறது, ஆனால் அது கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் அப்பா தனக்காக நடந்து வருவதை அந்த ஆள் படம் பிடித்திருக்கிறார்.

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் நடப்பதை அவரே பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணில் சந்தோஷத்தைப் பார்த்தேன். என் காதருகே குனிந்து, "நல்லாத்தான் நடக்குறேன் இல்ல?" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஊன்றுகோல்கூட இல்லாமல் கடைக்குப் போய் வருகிறார்," என்றார் கம்பெனி வக்கீல். "வேலையே செய்ய முடியாது என்பதை நாங்கள் எப்படி ஒத்துக்கொள்வது? சாதாரண வேலைகள் எல்லாம் செய்யலாம். நாங்கள் சொல்லும் தொகையே அதிகம்."

நீதிபதி அப்பாவைப் பார்த்தார். "இது நீங்கதானா?"

அப்பா எழுந்து நின்றார். "ஆமாங்கய்யா. நான்தானுங்க."

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பாட்டில் யாருக்கு வாங்கிட்டு வந்ததுன்னு கேளுங்க சார்! அத யாரு குடிச்சதுன்னு கேளுங்க! அந்தா பின்னால நிக்கிறாரே, அவர்கிட்டயே கேளுங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. அந்த ஆள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "ஆயி, உக்காரு. வூட்டுக்கு வந்தவருக்குக் குடுத்தத இத்தன பேர் மத்தியில சொல்லிக் காட்டுறியே, என்ன புள்ள நீ?" என்றார். அவர் குரலில் உண்மையாகவே கோபம் இருந்தது. கம்பெனிமேல் வராத கோபம் என்மேல் வந்தது.

நீதிபதி நல்லவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, "பெரியவரே, கடைக்குப் போயிட்டு வர ரொம்ப நேரம் ஆச்சா? வழியில எங்கயாவது உக்காந்தீங்களா? வலி இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வழியைத் திறந்து வைத்துவிட்டு, வா என்று கூப்பிடுவது மாதிரி கேட்டார். அரிசி மூட்டையைச் சொன்னால் போதும். வீங்கின முட்டியைச் சொன்னால் போதும். நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அப்பா பின்னால் நின்ற அந்த ஆளை ஒரு தடவை பார்த்தார். நீ குடித்த கலருக்காக நான் பட்ட பாட்டைக் கேள் என்று, வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அது அப்பாவால் ஆகாத காரியம்.

"போயிட்டு வந்துட்டேங்கய்யா" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் வக்கீல் எங்களை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். "இங்க ஒத்துக்க வேணாம். கோர்ட்டுக்கே திரும்பிப் போவோம். கடைக்கார அம்மாவச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். வந்த ஆளயும் கூண்டுல ஏத்திக் கேப்போம். ஆனா நீங்களும் கூண்டுல ஏறி எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லணும் ஐயா. அந்தக் கலர் விஷயத்தச் சொல்லித்தான் ஆகணும்" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். உன் காலை முறித்தவனுக்கும் மரியாதை, உன்னை வேவு பார்த்தவனுக்கும் மரியாதை, உனக்கு யாருப்பா மரியாதை கொடுத்தார்கள் என்று கேட்டேன். அப்பா வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "கலர் குடுத்ததுக்கெல்லாம் கோர்ட்டுல சாட்சி வெக்கிற பொழப்பு வேணாம் ஆயி. முடிச்சிரு" என்றார்.

அது அவருடைய கால், அவருடைய கேஸ். நான் என்ன செய்ய முடியும்? உள்ளே போய், கம்பெனி சொன்ன தொகையில் சற்றே கூட்டிக் கொடுத்ததற்கு ஒத்துக்கொண்டு, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். உட்காருங்கள் என்று நீதிபதி சொல்லியும் நின்றுகொண்டுதான் போட்டார். வெளியே வரும்போது அந்த ஆளைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. இந்தத் தடவை அப்பா கும்பிடவில்லை. நான் அதைக் கவனித்தேன், நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

பணம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்கின கடனை அடைத்தோம். அதோடு சரியாகப் போயிற்று. சமாதானமாக முடிந்த கேஸ் என்று எங்கேயோ ஒரு கணக்கில் ஏறியிருக்கும். சமாதானம் என்ற சொல்லை அதற்கப்புறம் எங்கே கேட்டாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. நடக்க முடியாதவன் நடந்து காட்டினால் அது பொய்யா? வலியை மறைத்தால் வலி இல்லை என்று அர்த்தமா? படுத்துக்கொண்டு முனகியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும், எழுந்து நின்று வரவேற்றதால் குறைந்துவிட்டது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கணக்கு டீச்சரான எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன கோடை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. விக்கிரமங்கலத்துத் தம்பியும் அவர் மனைவியும். அப்பா ஜன்னல் மட்டம்வரை கட்டி விட்டுப்போன வீட்டை வேறொரு கொத்தனாரை வைத்து முடித்திருந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க, முதல் கல் வைத்தவர் வீடாயிற்றே என்று தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் அந்தப் பெண் கையில். தம்பி கையில் செல்போன்.

அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நூறு தடவை நானே சொல்லியிருக்கிறேன், யார் வந்தாலும் எழுந்திருக்காதே, உட்கார்ந்துகொண்டே பேசு என்று. இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் அவர் மடியில், எல்லோரும் பார்க்கும்படி குறுக்கே கிடந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? எங்களத் தெரியுதா?" என்றார் தம்பி.

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். "தெரியுது. அந்தப் போனப் பைக்குள்ள வெச்சுட்டுப் பேசுங்க தம்பி" என்றார்.

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. தம்பி போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பத்திரிகையை வாங்கும்போதும் அப்பா உட்கார்ந்தபடியே வாங்கினார். கால் வலிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "வலிக்குது. நடக்க முடியாது. கம்பு இல்லாம முடியாது" என்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். நீதிபதி அத்தனை தடவை கேட்டும் வாயிலிருந்து வராத வார்த்தை, விழாவுக்கு அழைக்க வந்தவர்களிடம் வந்தது. கலர் வாங்கி வரச் சொல்லவில்லை. வெயிலில் வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா திகைத்துப்போய் உள்ளேயிருந்து சொம்போடு வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

நான் வண்டிவரை கூடப் போனேன். அந்தப் பெண் மெதுவாக என்னிடம், "அண்ணனுக்கு எங்க மேல எதுவும் வருத்தமாக்கா? முடிஞ்ச வூட்ட இவரு போன்ல எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வெச்சிருந்தாரு. நீங்க வெச்ச கல்லு மேலதான் நிக்குதுன்னு அண்ணன்கிட்ட காட்டணும்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. வண்டியை எடுக்கும் வரைக்கும் தம்பியின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியும் பெரியவர் சொன்னதற்கு மரியாதை கொடுத்து, கடைசிவரை அந்தப் போனை வெளியே எடுக்கவே இல்லை.